சின்னதாகிப் போன துணி

என் தங்கைக்கு மூன்றாவது பிரசவமும் பொன்னேரி ஆஸ்பத்திரியில்தான் ஆனது. ஆண் குழந்தை. ஒன்பதாம் நாள் காலை, வீட்டுக்குப் போகலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவள் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. குழந்தைக்குப் போட ஒரு பழைய சட்டை வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஏரிக்கரை ஊர்களில் பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை. வீட்டில் இருக்கும் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவார்கள். முன்னால் பிறந்தது தங்காத வீடு என்றால் அது போதாது. நன்றாக வளர்கிற இன்னொரு பிள்ளையின் துணியைத் தாய்மாமன் போய்ப் பிச்சையாகக் கேட்டு வாங்கி வர வேண்டும். காசு கொடுத்து வாங்கினால் செல்லாது. அந்தப் பிள்ளை போட்டுக்கொண்டிருப்பதை உருவி வரவும் கூடாது; சின்னதாகிப் போய் ஒதுக்கி வைத்ததாக இருக்க வேண்டும். அதைப் போட்ட பிறகுதான் குழந்தை வாசற்படி தாண்டலாம்.

முதல் குழந்தை இருபத்தொரு நாள் இருந்தது. இரண்டாவது பிறந்தபோதே இந்தத் துணி விஷயத்தைச் சொன்னார்கள். இந்தக் காலத்தில் இதெல்லாமா என்று சிரித்தது நான்தான். பொன்னேரிக் கடைத்தெருவில் புதிதாக ஆறு சட்டை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அது பதினொரு நாள் இருந்தது. மூன்றாவதற்கு நான் எதுவும் சொல்லவில்லை. தங்கையும் என்னிடம் எதையும் நினைவுபடுத்தவில்லை. காலை ஏழு மணிக்குப் போன் செய்தாள்.

"ண்ணா, படகுலேர்ந்து வுய்ந்தானே, அவன் சட்ட வோணும்."

யார் என்று கேட்கத் தேவையில்லை. எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன். இரண்டு வயதில், கட்டியிருந்த படகின் விளிம்பிலிருந்து ஏரிக்குள் விழுந்தான். இடுப்பளவுத் தண்ணீர்தான், இரண்டு வயதுக்கு அதுவே கடல். துழாவித் தூக்கியபோது அவன் அழவில்லை, கையில் ஒரு நண்டு இருந்தது. அவன் நண்டைப் பிடித்தானா, நண்டு அவனைப் பிடித்ததா என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. அடுத்த வருஷம் இன்னொரு முறை விழுந்தான். இப்போது ஆறு வயது. அவனுக்கு ஒன்றும் ஆகாது என்பதில் மட்டும் ஊரில் ஒரே கட்சி.

அவன் அம்மா வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு எவர்சில்வர் குண்டான் இருந்தது. போன வாரம் பாத்திர வண்டி வந்ததாம். பழைய துணிக்குப் பாத்திரம் என்று ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் கத்திக்கொண்டே தெருத்தெருவாகப் போகும் குட்டி யானை வண்டி. பையனுக்குச் சின்னதாகிப் போன அத்தனையையும் அதில் போட்டுத்தான் இந்தக் குண்டானை வாங்கினாளாம். எனக்கு நம்பிக்கை வரட்டும் என்று குண்டானை என் கையில் கொடுத்தாள். உள்ளே பார்த்தேன். என் முகம் இருந்தது, வேண்டிய அளவைவிட அகலமாக.

"மஞ்ச சட்ட ஒண்ணு, மார்ல வாத்து போட்டது. அதுதாண்ணா அவன் மொத தபா வுய்ந்தப்போ போட்டிருந்தது" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே வருத்தம். இப்போது போட்டிருப்பதைக் கழற்றித் தரட்டுமா என்றாள். அது கூடாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், கொல்லைப் பக்கம் நின்ற பையன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரையை நோக்கி ஓடிவிட்டான்.

மற்ற வீடுகளிலும் கேட்டேன். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்றார்கள். கொடியில் பன்னிரண்டு சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்த வீட்டிலும் தேடிப் பார்க்கிறேன் என்றார்கள். தங்காத வீட்டுக்குத் துணி கொடுத்தால், கொடுத்த பிள்ளையின் பங்கும் துணியோடு போய்விடுமோ என்று ஒரு பயம் உண்டு. யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. எனக்குச் சின்னப் பிள்ளை இருந்து, இப்படி ஒருவன் வாசலில் வந்து நின்றால் நானும் தேடித்தான் பார்த்திருப்பேன். நண்டுக்குச் சமமாகக் குழந்தைகள் ஊர்கிற எங்கள் தெருவில், அன்று காலை ஒரு பழைய சட்டை இல்லாமல் போயிற்று.

பாத்திர வண்டிக்காரர் வாங்கும் துணியெல்லாம் பொன்னேரி மார்க்கெட் ஓரத்தில் குவித்து விற்கும் ஒரு அம்மாவிடம்தான் போய்ச் சேர்கிறது என்று குண்டான்காரி சொல்லியிருந்தாள். பஸ் ஏறினேன். தங்கையின் புருஷன் காட்டுப்பள்ளிப் பக்கம் கூலி வேலைக்குப் போனவர், சாயங்காலம்தான் திரும்புவார். அவர் இருந்தாலும் பயனில்லை. இது தாய்மாமன் வேலை.

தை மாதத்து வாடைக்காற்று பஸ்ஸின் ஒரு பக்கமாக ஏறி மறு பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏரி கொஞ்ச தூரம் கூடவே வந்தது. தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. அவற்றைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து கார்களில் வந்தவர்கள் இரண்டு காலில் நின்றார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். என் வாழ்க்கையில் பெரும்பாலான பயணங்கள் இப்படித்தான். கண்டக்டர் இரண்டு முறை உட்காரச் சொன்னார், மூன்றாவது முறை விட்டுவிட்டார்.

துணிக்குவியல் இடுப்புயரம் இருந்தது. கீழே நீலத் தார்ப்பாய், மேலே சின்னச் சின்னக் கைகளும் கால்களும் கழுத்துகளும். ஆறு மாதத்துக் கை ஒன்று ஐந்து வயதுக் காலைக் கட்டிக்கொண்டிருந்தது. ஒரு பள்ளிக்கூடமே அவசரமாகக் கலைந்து போனதுபோல எல்லாம் இருந்தது, பிள்ளைகளைத் தவிர. குவியலுக்குப் பின்னால் என் வயதிருக்கும் ஒரு அம்மா கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"இன்னா நைனா தேடற?"

"மஞ்ச சட்டக்கா. மார்ல வாத்து இருக்கும்."

"வாத்து போச்சு. பூன கீது. பென்குயின் கீது."

அரைமணி நேரம் கிளறினேன். வாத்து உண்மையிலேயே போய்விட்டிருந்தது. பக்கத்தில் நின்று, வேறு வழியில்லாமல், விஷயத்தைச் சொன்னேன். எந்தப் பிள்ளையின் துணியானாலும் சரி, காசுக்கு வேண்டாம், பிச்சையாக ஒன்று தர வேண்டும் என்றேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இன்னும் மொத போணியே ஆவல. போணிக்கு முன்ன சும்மா எடுத்துக் குடுத்தா அன்னிக்கிப் பொய்து எனக்கு வெளங்குமா?"

அவள் சொன்னது நியாயம். முதல் வியாபாரம் காசுக்குத்தான் நடக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் இறால் விற்கப் போனாலும் அப்படித்தான். அவள் வழக்கமும் என் வழக்கமும் ஒரு தார்ப்பாயின் இரண்டு பக்கத்தில் நின்றன. யாராவது வந்து எதையாவது வாங்கட்டும், அப்புறம் தருகிறேன் என்றாள். காத்திருந்தேன். ஒரு பெண் வந்து ஏழு பாவாடைகளை உதறிப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு பெரியவர் வந்து கோர்ட்டுக்கு வழி கேட்டார். தங்கை இரண்டு முறை போன் செய்தாள். கட்டிலைக் காலி செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். வந்துகொண்டே இருக்கிறேன் என்று, நின்ற இடத்திலிருந்து சொன்னேன்.

கடைசியில் அந்த அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "நீயே போணி பண்ணேன் நைனா" என்றாள்.

அதுவரை எனக்கு இது தோன்றவில்லை. வாங்குவது என்று ஆனதும் கை தானாக நல்லதைத் தேடியது. இளநீலத்தில் ஒரு சட்டை. வெள்ளைக் காலர், பொத்தான்கள் அத்தனையும் இருந்தன, எங்கும் ஒரு கறை இல்லை, மடிப்புக்கூடக் கலையவில்லை. இப்படி ஒன்று இந்தக் குவியலில் எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட்டேன். அவ்வளவுதான் பட்டேன். போனை நீட்டி, பக்கெட்டில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட அட்டையைப் படம் பிடித்துக் காசு அனுப்பப் போனேன். போணிக்கு அது ஆகாது என்றாள். நோட்டாகக் கொடுத்ததை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இப்போ கேளு."

"கேட்டேனே."

"அது கேட்டதா? ஒயுங்காக் கேளு."

டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மார்க்கெட் பாதி பார்த்துக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். எங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஒரு துணி பிச்சை போடுங்கள் என்றேன். பல ஊர்களில், பல வேலைகளுக்குக் கை நீட்டியவன்தான் நான். இவ்வளவு நேராக நீட்டியதில்லை.

"எத்தினி போச்சு?" என்றாள்.

"ரெண்டு."

அவள் எழுந்தாள். மேலே கிடந்ததையெல்லாம் தள்ளினாள். தோள்வரை கையைவிட்டுக் குவியலின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்தாள், பார்த்தாள், போட்டாள், இழுத்தாள். கடைசியில் ஒன்றை உதறி என் கையில் வைத்தாள். ஒரு கவுன். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கலாம். கழுத்து பிசிர் பிசிராகத் தொங்கியது. முன்பக்க ஓரம் நைந்து வலைபோல ஆகியிருந்தது. கீழே ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வெவ்வேறு சிவப்பில் பட்டைகள். கைக்குழியில் வேறு துணியில் ஒட்டு.

"ஆம்பளப் புள்ளக்கா" என்றேன்.

"அதான்" என்றாள். அதற்குள் இன்னொரு பெண் வந்து பென்குயினை எடுத்துப் பார்க்க ஆரம்பித்ததால் எங்கள் பேச்சு முடிந்தது.

மார்க்கெட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம்தான். ஒரு மனிதன் தன் புத்தியை இழக்க அது போதும். பையில் இரண்டு துணி. ஒன்று காசுக்கு வாங்கியது, பளிச்சென்று இருந்தது. மற்றது பிச்சையாக வந்தது, பிச்சையாகத்தான் வந்தது என்று பத்தடி தூரத்திலேயே சொல்லிவிடும். வார்டில் மற்ற கட்டில்களுக்கு வந்த தாய்மாமன்களை ஒன்பது நாளாகப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக் கொலுசு, பேபி சோப்பு, கொசுவலை வைத்த குட்டி மெத்தை. இவர்கள் நடுவில் இந்தக் கந்தலை எப்படி எடுப்பது. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, கவுனைப் பையின் அடிக்குத் தள்ளி, நீலச் சட்டையை மேலே வைத்தேன்.

தங்கை கட்டிலின் ஓரத்தில், போகவும் இருக்கவும் தயாராக உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, அவளுடைய பழைய புடவைக் கிழிசலில் சுற்றியிருந்தது. முகம் மட்டும் தெரிந்தது. பிறந்து ஒன்பது நாளில் அதற்கு யார் மேலும் எந்தப் புகாரும் இல்லை.

நான் சட்டையைக் கொடுத்தேன்.

"யாருது?"

"அவனுதுதான். படகுப் பையனுது."

வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். "அவன் ஒரு நா போட்டா ஒரு வாரத்துக்கு நண்டு நாறும்ண்ணா. இது பொட்டி வாசன அடிக்குது" என்றாள்.

துவைத்திருப்பார்கள் என்றேன். அவள் சட்டையை விரித்துப் பொத்தான் துளையில் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தாள். துளைக்குக் குறுக்கே ஒரு நூல் ஓடியது, தைத்த இடத்தில் வெட்டாமல் விட்ட நூல். அடுத்த துளையிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது.

"இத்த யாருமே போடலண்ணா."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. நல்லதாகப் போயிற்று, புதுசுபோல இருக்கிறது என்று ஏதோ சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஆசையா வாங்கி வெச்சிருக்காங்க. போடாமயே பழைய துணிக்கு வந்துகீது. ஏன் போடல?"

வார்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது குழந்தைக்கு நான் வாங்கிப்போன ஆறு சட்டைகள் என்ன ஆயின என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. அவள் வீட்டு அலமாரியில் ஒரு செட் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. ஆறு டம்ளர். அதில்தான் எனக்குக் காப்பி கொடுப்பாள்.

குழந்தையை அவள் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சட்டையிலிருந்து. நான் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பொய் சொன்னேன் என்றேன். பையன் சட்டை கிடைக்கவில்லை, ஊரில் யாரும் தரவில்லை, குவியலில் வாங்கினேன், இதற்குக் காசு கொடுத்தேன் என்று வரிசை தப்பி எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு பையின் அடியிலிருந்து கவுனை எடுத்தேன். பக்கத்துக் கட்டில்காரி பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இது காசா?"

"பிச்ச. செருப்பக் கயட்டிட்டுக் கேட்டேன்."

"யாருது?"

"தெரியாதும்மா. அந்தக் கொயந்த எங்க கீது, எப்பிடிக் கீது, ஒண்ணுமே தெரியாது."

என் தங்கை ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, சேற்றின் மேல் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே போவாள். அடியில் ஒளிந்திருப்பது இறாலா, சங்கா, முள்ளா என்று விரலுக்குத் தெரிந்த பிறகுதான் விரல் மூடும். கவுனை மடியில் விரித்து அப்படித்தான் தடவினாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கழுத்தில் ஆரம்பித்தாள். பிசிர் பிசிராக இருந்த இடத்தில் விரல் நின்றது.

"கடிச்சிக் கடிச்சி இயுத்துகீது. பல்லு மொளச்சிருக்குது."

விரல் கைக்குழிக்குப் போனது. இங்கே இறுக்கிப் பிடித்திருக்கிறது, பிரித்து ஒட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். கை தடித்திருக்கிறது என்றாள். பிறகு முன்பக்க ஓரத்துக்கு வந்தாள். வலைபோல நைந்திருந்த அந்த இடத்தைத்தான் நான் மறைக்கப் பார்த்தேன். பின்பக்க ஓரத்தையும் தொட்டாள். அங்கே துணி நன்றாகவே இருந்தது. முட்டி போட்டுத் தவழ்கிற பிள்ளை கவுனின் முன்பக்கத்தைத்தான் தரையோடு தேய்க்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. அவளும் அதை விளக்கவில்லை.

"தவந்துகீது" என்று மட்டும் சொன்னாள்.

கடைசியாகக் கீழே இருந்த பட்டைகள். வெளுத்த சிவப்பு, அதற்குக் கீழ் கொஞ்சம் அழுத்தமான சிவப்பு, அதற்கும் கீழ் கடைக்குப் புதிதாக வந்தபோது இருந்திருக்கக்கூடிய சிவப்பு. மடித்துத் தைத்ததை ஒருமுறை பிரித்து இறக்கியிருக்கிறார்கள். அதுவும் போதாமல் மறுபடியும் பிரித்து இறக்கியிருக்கிறார்கள். இரண்டு வரியையும் கட்டைவிரலால் தேய்த்தாள். அப்புறம் அதற்குமேல் இறக்க மடிப்பே இல்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

"ரெண்டு தபா வளந்திருக்குதுண்ணா" என்றாள். "அதுக்கப்பறமும் வளந்திருக்குது. அதான் வந்துகீது."

குழந்தைக்குக் கவுனைப் போட்டாள். கழுத்து வழியாகத் தோள் வெளியே வந்தது. கால் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அதற்கப்புறமும் ஒரு முழம் கவுன் இருந்தது. தூக்கிச் செருகிவிட்டு, காலைத் தரையில் வைத்துக் கட்டிலை விட்டு இறங்கினாள். நீலச் சட்டையை என்ன செய்வது என்று கேட்டேன். அது உன்னுது, நீ வாங்கினது என்றாள். இன்றுவரை என் பெட்டியில்தான் இருக்கிறது. கொடுக்கவும் முடியவில்லை, போடவும் முடியவில்லை.

வாசலில் காவல்காரர் சீட்டை வாங்கிப் பார்க்காமலே, இன்னா கொயந்த என்று கேட்டார். சும்மாதான் கேட்டார், போகிற எல்லாரையும் கேட்பார்.

"பொண்ணு" என்றாள் என் தங்கை, ஆண் பிள்ளையைக் கொண்டுபோக வருவது ஏமாந்து போகட்டும் என்று.

அவர் என்னையும் பார்த்தார். நாலு எழுத்து படித்தவன் நான், வழக்கத்தையெல்லாம் சிரித்துத் தள்ளியவன். பொண்ணுதான் என்றேன். ஆட்டோக்காரர் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். தெருமுனையில் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்தபோது யாரும் கேட்காமலே சொன்னேன்.

பத்தாம் நாள் போயிற்று. பதினோராம் நாள் நான் வேலைக்குப் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. அவள் வீட்டுக்கு ஆறு முறை போனேன், ஆறு முறையும் ஏதோ ஒரு சாமானைக் கேட்டேன். சுத்தியல், அரிவாள்மணை, நெருப்புப்பெட்டி. அவள் புருஷனும் அன்றைக்குக் காட்டுப்பள்ளிக்குப் போகவில்லை. கிழியாத வலையை வைத்துக்கொண்டு நின்றபடியே தைத்துக்கொண்டிருந்தார். குழந்தை கவுனுக்குள் தூங்கியது, எழுந்தது, குடித்தது, கத்தியது. கத்தும்போது நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் உட்கார்ந்தோம்.

பன்னிரண்டாம் நாள் காலையில் தங்கை கவுனைக் கழற்றினாள். மூன்று நாளில் அது பார்க்கும்படியாக இல்லை. துவைத்துக் கொடியில் போட்டாள். காய்கிற வரைக்கும் மாற்றிப் போட வேறொன்றும் இல்லாததால், குழந்தையைத் துணியே இல்லாமல் வாசலில் இளவெயிலில் மல்லாக்கப் போட்டிருந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அது ஆண் பிள்ளை என்று அப்போதுதான் தெரிந்தது.